எழுத்துக்கூட்டற் பந்தயம்

அமெரிக்க நாட்டில் ஆண்டுதோறும் நடைபெறும் எழுத்துக்கூட்டற் பந்தயத்தைப் போல் நமது தமிழ்ப் பள்ளிகளிலும் ஒன்று நடத்தவேண்டும் என்று கூறும் அன்பர்கள் உளர். ஆங்கிலத்தில் இத்தகைய பந்தயம் இந்நாட்டிற்குப் புதிதன்று. நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழும் ஆர்.எச்.பி. வங்கியும் சேர்ந்து பள்ளி மாணவர்க்கு அதனை நடத்தியதுண்டு. தமிழிலும் வேண்டும் என்பதே அன்பர்களின் அவா. வேண்டாமென்று தடுக்க நாம் முன்வரவில்லை. பிரேசில் நாட்டு ரப்பர்க் கன்று இம்மண்ணில் வேரூன்றிப் பால் கொடுத்தது மெய்தான். ஆயினும் அயல்நாட்டுக் கன்றுகள் யாவும் அவ்வாறு பிடித்துவிடுவதில்லை என்பதைத் தோட்டத்தில் பிழைத்தவர்க்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

அப்பந்தயம் 1925ஆம் ஆண்டில் ஒன்பது நாளிதழ்கள் கூடித் தொடங்கியது. முதலாண்டில் வென்ற சிறுவன் கூட்டிய சொல் 'கிளாடியோலஸ்' என்னும் ஒரு பூவின் பெயர். பந்தயத்தின் ஆங்கிலப் பெயரில் 'பீ' என்றொரு சொல் உண்டு. அதனைத் தேனீ எனக் கொண்டு, அமெரிக்கத் தமிழர்கள் தம் பேரவை விழாவில் 'தமிழ்த்தேனீ' என்றே ஒரு போட்டி வைத்துள்ளனர். பெயர் இனிக்கிறது. ஆனால் அச்சொல் ஈயைக் குறிப்பதன்று. அயலார் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் செய்யும் வேலையைக் குறித்த பழைய வழக்கு என்பதே சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து. நூல் நூற்கவும் சோளம் உரிக்கவும் அங்கே ஊரார் கூடிய கூட்டத்திற்கு அதுவே பெயர். நம் நாட்டு வழக்கிற் சொன்னால் கோத்தோங் ரோயோங். கைகொடுத்துக் கூடிய கூட்டம் எவ்வாறு ஒருவனை ஒருவன் வீழ்த்தும் பந்தயமாயிற்று என்பது தனியே ஆராயத்தக்கது.

பந்தயத்தின் முறை இது. பிள்ளை ஒலிபெருக்கியின் முன் நிற்கவேண்டும். ஒருவர் சொல்லை உச்சரிப்பார். பொருள் என்ன, எம்மொழியிலிருந்து வந்தது, பெயரா வினையா, வாக்கியத்தில் எவ்வாறு வரும் என்று பிள்ளை கேட்கலாம். பின்னர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லவேண்டும். சொல்லிய எழுத்தைத் திரும்பப் பெற இயலாது. பிழையாயின் மணி ஒலிக்கும். ஒலித்தால் மேடையைவிட்டு இறங்கவேண்டியதுதான்.

இதன் உள்ளும் புறமும் காண விரும்புவோர் 'ஸ்பெல்பவுண்ட்' என்னும் ஆவணப்படத்தைப் பார்க்கவேண்டும். ஜெஃப்ரி பிளிட்ஸ் இயக்கி 2002ஆம் ஆண்டில் வெளிவந்த படம் இது. 1999ஆம் ஆண்டுப் பந்தயத்தின் இறுதிக்கட்டத்திற்கு வந்த 249 பிள்ளைகளுள் எண்மரைப் பின்தொடர்ந்து, அவர்கள் வீட்டிற்கும் படிப்பு மேசைக்கும் நம்மை அழைத்துச் செல்கிறது. பாட்டில்லை, கூத்தில்லை, வில்லன் இல்லை. ஆயினும் அடுத்த எழுத்து யாது என்று நாம் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறோம். படத்தின் பெயரே சிலேடை. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டலுக்கும் மந்திரத்திற்கும் ஒரே சொல் வழங்குகிறது. மந்திரத்தால் கட்டுண்டவர் என்பதும் இப்பெயரின் பொருள்.

மந்திரம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எண்மருள் ஒருவன் இந்தியக் குடும்பத்துப் பையன். அவனுக்குத் தந்தையார் தனித்தனி ஆசிரியர்களை அமர்த்துகிறார். நாள்தோறும் ஆயிரக்கணக்கான சொற்களை ஓதுவிக்கிறார். இந்தியாவிலுள்ள பாட்டனாரோ ஆயிரம் பேரைப் பணம் கொடுத்து அமர்த்திப் பேரனுக்காகப் பிரார்த்தனை செய்விக்கிறாராம். ஆயிரம் வாய் செபித்தும் அப்பையன் வெல்லவில்லை. வென்றவர் நூப்பூர் லாலா என்னும் மற்றோர் இந்தியப் பெண். அவர் கூட்டிய சொல் 'லோகோரியா'. கிரேக்க வேர்களைப் பிரித்துப் பார்த்தால் சொல் ஒழுகுதல் என்று பொருள், சொற்பேதி எனலாம். நம் மேடைகளில் அந்நோயைக் கண்டவர்க்கு அதன் பொருள் மறக்காது.

படத்தில் நம்மை நெடுநேரம் நிறுத்திவைப்பவை இரண்டு. ஒன்று, டெக்சஸ் மாகாணத்துச் சிறுமியொருத்தியின் வீடு. அவளுடைய தந்தை மெக்சிகோவிலிருந்து வந்து மாட்டுப் பண்ணையில் உழைப்பவர், ஆங்கிலம் அறியாதவர். மகள் மேடையில் கூட்டும் சொல் அவருக்கு வெறும் ஓசை. பிறர் நிலத்தில் உழைத்துக்கொண்டே, தம் மகள் அந்நிலத்தாரின் மொழியில் அவர்தம் பிள்ளைகளையே வெல்லக் காண்கிறார். ரப்பர்க் காட்டில் பால் வெட்டிய நம் பெற்றோரின் முகத்தை நாம் அங்கே கண்டோம். மற்றொன்று, மேலே சொன்ன இந்தியப் பையனுக்கு வந்த ஒரு சொல். ஆயிரமாயிரம் கிரேக்க, இலத்தீன் சொற்களை உருப்போட்டவனுக்கு நடுவர் கொடுத்தது 'டார்ஜிலிங்'. பையன் திகைக்கிறான், தயங்குகிறான். இந்தியத் தேயிலைத் தோட்டத்தின் பெயர் இந்தியக் குடும்பத்துப் பிள்ளைக்கு அயற்சொல்லாகி எதிரே நிற்கிறது. படம் பார்ப்போர் சிரிப்பர். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படத்தின் குறையும் இங்கேதான் இருக்கிறது. எழுத்து தப்புமா தப்பாதா என்னும் பதைபதைப்பை அது திறம்படக் காட்டுகிறது. அச்சொல் அப்பிள்ளையின் வாழ்வில் எதற்கு உதவும், அதற்கும் அவனுக்கும் உறவென்ன என்று அது கேட்பதில்லை. உழைத்தால் எவரும் உயரலாம் என்னும் அமெரிக்கப் பல்லவியையே பெரிதும் நம்பிவிடுகிறது. பண்ணையாளின் மகளும் ஆசிரியர்களை அமர்த்திக்கொண்ட செல்வர் மகனும் ஒரே மேடையில் நின்றுவிட்டதனால் இருவரும் ஒரே தொலைவிலிருந்து வந்தவராகிவிடுவரோ?

இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகளின் வெற்றியைப் பற்றி நம்மவர் பெருமை பேசும்போதும் இதனையே மறக்கின்றனர். 1985ஆம் ஆண்டில் பாலு நடராஜன் என்னும் தமிழ்ப் பெயருடைய சிறுவன் வென்றது தொடக்கம். 2019ஆம் ஆண்டில் எட்டுப் பிள்ளைகள் ஒருங்கே வென்றனர். அவருள் எழுவர் தெற்காசியக் குடும்பத்தினர். அவர்களை வீழ்த்தத்தக்க அரிய சொற்கள் தம் பட்டியலில் தீர்ந்து வருகின்றன என்று நடத்துவோரே மேடையில் ஒப்புக்கொண்டு, எண்மருக்கும் ஆளுக்கு 50,000 டாலர் வழங்கினர். இது குருதியின் சிறப்பு என்பார் சிலர். குலத்தால் அறிவு வரும் என்னும் பழைய பொய்க்கும் இப்புதிய பொய்க்கும் வேற்றுமை யாது? 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் வழியே அந்நாடு சென்றோருள் மருத்துவரும் பொறியியலாரும் மிகுதி. 1989ஆம் ஆண்டிலேயே 'நார்த் சவுத் பவுண்டேஷன்' என்னும் அமைப்பை ஏற்படுத்தித் தம் பிள்ளைகளுக்குப் பந்தயப் பயிற்சி தரத் தொடங்கிவிட்டனர். அதில் சேரும் பொருளைக் கொண்டு இந்தியாவிலுள்ள ஏழை மாணவர்க்கு உதவித்தொகை வழங்குவதையும் சொல்லவேண்டும், அது பாராட்டத்தக்கது. பாலு நடராஜன் கூட்டிய சொல் 'மில்யூ' என்னும் பிரெஞ்சுச் சொல். சூழல் என்பது அதன் பொருள்.

நம்மவர் இந்நாடு வந்த சூழல் வேறு. 1816ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுனில் திறக்கப்பட்ட பிரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பு இருந்தது. அதனையே தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொண்டு 2016இல் இருநூறாண்டு விழா எடுத்தோம். ஆயினும் தோட்டத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஓர் உரிமையாகச் சட்டத்தில் ஏறியது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தினால்தான். பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்கவேண்டும் என்றது அச்சட்டம். வைத்த பள்ளிகளுட் பல, கொட்டகையும் ஒற்றை ஆசிரியருமாக நின்றுவிட்டன. அங்கே சொல்வதெழுதலில் தவறியவனுக்குக் கிடைத்தது மணியோசையன்று, பிரம்படி.

நிற்க. தமிழில் அரிய சொல் என்பது யாது? ஆங்கிலத்தில் ஒலிக்கும் எழுத்துக்கும் உறவு அறுந்துபோன சொற்கள் மலிந்துள்ளன. ஆகவே அங்கே எழுத்துக்கூட்டலே ஒரு கல்வியாகிவிட்டது. தமிழிலோ ஒலித்தவாறு எழுதினாற் போதும். கூட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கின்றனர். பாதி மெய். ஆனால் ஒலிப்பவர் யார்? லகர, ளகர, ழகரங்களும், ரகர, றகரங்களும், நகர, னகர, ணகரங்களும் எங்கெங்கே நா பட்டுப் பிறக்கும் என்று தொல்காப்பியரும் நன்னூலாரும் வரையறுத்து வைத்தனர். நம் வாய்கள் அவ்வரையறையைக் கைவிட்டு நெடுநாளாகிறது. 'வாளப்பளம்' என்று விற்பவன் விற்க, வாங்குபவன் வாங்குகிறான். வயிறு நிறைவதில் பிழையில்லை. ஆனால் அதே நாவுடன் ஆசிரியர் 'வாழை' என்பதை 'வாளை' என்று சொல்லிவிட்டால், கேட்ட பிள்ளை மீனின் பெயரை எழுதுவான். அவனுக்குச் சுழியம் போடுவது எந்த நீதி? ஆங்கிலப் பந்தயத்தில் தோல்விக்குக் காரணம் அம்மொழியின் எழுத்துமுறை. தமிழ்ப் பந்தயத்தில் தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் சொல்லை உச்சரிப்பவரின் நாவாக இருக்கும். ஆகவே மாணவர்க்குப் பந்தயம் வைக்குமுன் நடுவர்க்கு ஒன்று வைப்பது நலம்.

நா தவறினாலும் பிள்ளை தவறாமலிருக்க ஒரு வழி உண்டு. அது பொருள். கரிந்தது கரி, கறித்துத் தின்பது கறி என்று அறிந்தவன் இரண்டையும் மாற்றி எழுதான். வெம்மையான நீர் என்று அறிந்தவன் 'வெந்நீர்' என எழுதுவான். அறியாதவன் 'வெண்ணீர்' என்றெழுதி வெள்ளை நீரைக் காய்ச்சுவான். மூன்று நூறு சேர்ந்தது 'முந்நூறு'. இதனை 'முன்னூறு' என்று எழுதுபவர் பட்டதாரிகளுள்ளும் உளர். முன்னே போன நூறு எது என்று நாம் அவர்களைக் கேட்டதில்லை. வல்லின றகர ஒற்றின் பின் மற்றோர் ஒற்று வாராது என்னும் ஒரே விதி தெரிந்தால் 'முயற்ச்சி', 'பயிற்ச்சி' என்னும் அலங்கோலங்கள் நம் விளம்பரப் பலகைகளைவிட்டு ஓடிவிடும். இவற்றுள் எதனையும் உருப்போடவேண்டியதில்லை. சொல்லைப் பிரித்துப் பார்க்கக் கற்றால் எழுத்து தானே வந்து நிற்கும். அமெரிக்கப் பந்தயத்தில் வெல்லும் பிள்ளைகளும் இதனைத்தான் செய்கின்றனர். 2023இல் வென்ற மாணவன் கூட்டிய 'சாமோபைல்' என்னும் சொல்லில் மணல் என்பது ஒரு வேர், விரும்புதல் என்பது மற்றொரு வேர். மணலில் வாழ்வதை விரும்பும் உயிர் என்று பிரித்தறிந்தவனுக்கு, முதலில் ஒலியாது நிற்கும் எழுத்து அச்சம் தருவதில்லை. பந்தயத்தை நடத்துவோரும் 2021ஆம் ஆண்டு முதல் சொல்லின் பொருளை மேடையிலும் வினவத் தொடங்கியுள்ளனர். நம் அன்பர்கள் கடன் வாங்கவேண்டியது இப்பகுதியை. அவர்கள் வாங்க நினைப்பதோ பட்டியலை.

பட்டியல் நமக்குப் புதிதா? திண்ணைப் பள்ளிகளில் சூடாமணி நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளையும் பிள்ளைகள் உருப்போட்டனர். ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பித்தவன் கெட்டிக்காரன். நிகண்டு இழிந்த நூல் என்று நாம் சொல்லவில்லை. அகராதி இல்லாத காலத்தில் அதுவே அகராதி. ஆனால் அரிய சொல் தெரிந்தவன், தெரியாதவன் என்று ஊரை இரண்டாகப் பிரித்த வேலியாகவும் அது பயன்பட்டது. அவ்வேலியின் வெளியே நின்றோர் யார் என்பதை இவ்விதழ் வாசகர்க்கு விளக்கவேண்டுமா? 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கி இந்நாட்டுத் தமிழரிடையே பேசிய பெரியார், 1935ஆம் ஆண்டு சனவரியில் 'குடி அரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கினார். ணா, றா, னா, ணை, லை முதலிய பதின்மூன்று எழுத்துகளுக்கிருந்த தனி வடிவங்களை ஒழித்து, மற்ற எழுத்துகளைப் போலவே அவற்றையும் எழுதலாம் என்றார். கற்பவனுக்கும் அச்சுக்கோப்பவனுக்கும் சுமை குறையும் என்பதே காரணம். தமிழ் அழிந்துவிடும் என்று அன்று அலறினர். 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு அதனை ஏற்றது. இந்நாட்டுப் பாடநூல்களும் இதழ்களும் பின்னர்க் கைக்கொண்டன. தமிழ் அழியவில்லை. சுமையைக் குறைக்க நாற்பத்து மூன்றாண்டுகள் பிடித்தன. அருஞ்சொற் பட்டியல் என்று புதுச்சுமை ஏற்றுவதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

இனிப் பாகான் டாலாமுக்கு வருவோம். ஜார்ஜ் டவுனுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில், துறைமுகத்தை அடுத்து நெடுங்காலமாகத் தமிழர் வாழும் பகுதி அது. இவ்வூர்ப் பெயரே ஓர் எழுத்துக்கூட்டற் பரீட்சை. பாகான் என்றால் மலாயில் படகுத்துறை. டாலாம் என்றால் உள்ளே. நன்னூல் பிடித்தவர் டகரம் மொழிக்கு முதலில் வாராது என்பார். 'தாலாம்' என்று எழுதினால் அவ்வூரார்க்கே ஊர் தெரியாது. டாலாம், டாலம் என்று எழுதுவோர் எழுதியவாறே எழுதுகின்றனர். இலக்கணத்திற்கு ஊரைத் திருத்துவதா, ஊருக்கு இலக்கணத்தைத் தளர்த்துவதா என்றால், நாம் ஊரின் பக்கம்.

அவ்வூர்த் தமிழ்ப் பள்ளிப் பிள்ளை ஏழு வயதில் மூன்று மொழிகளை ஒருங்கே எழுதக் கற்கிறது. சீ, ஏ, டீ என்னும் மூன்று ரோமன் எழுத்துகளைச் சேர்த்துவைத்தால் ஆங்கில வகுப்பில் 'கேட்', பூனை; மலாய் வகுப்பில் 'சாட்', சுவருக்கு அடிக்கும் சாயம். ஏ, ஐ, ஆர் சேர்ந்தால் ஆங்கிலத்தில் காற்று, மலாயில் நீர். 1972ஆம் ஆண்டுவரை மலாய்ச் 'சாட்'டுக்கு நடுவே ஓர் எச் இருந்தது; 'ஆயர்' என்பதற்கும் வேறு கூட்டு இருந்தது. அவ்வாண்டில் மலேசியாவும் இந்தோனேசியாவும் உடன்பட்டு எழுத்துமுறையைச் சீர்திருத்தியதில் அவை மாறின. பட்டர்வொர்த்துக்கு வடக்கே உள்ள தெலுக் ஆயர் தாவார் என்னும் ஊருக்கு ரோமன் எழுத்தில் பழைய கூட்டும் புதிய கூட்டும் இன்றும் வழங்கக் காணலாம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. இத்தனையையும் நாள்தோறும் சமாளிக்கும் பிள்ளையை எழுத்தறியாப் பிள்ளை என்று இகழ எவர்க்கும் உரிமையில்லை. எழுத்துக்கூட்டற் பந்தயத்தை அது முதல் வகுப்பிலேயே தொடங்கிவிட்டது. பரிசு கொடுப்பார்தான் இல்லை.

இப்பிள்ளைக்குரிய அரிய சொற்கள் நிகண்டில் இல்லை. பாட்டன் வாயில் இருக்கின்றன. கங்காணி, கிராணி, தண்டல், லயம், கிடங்கு, தொங்கான். இவற்றுட் சில இங்கிருந்து ஆங்கிலத்திற்கும் மலாய்க்கும் சென்றன. சில அங்கிருந்து நம்மிடம் வந்தன. சில போய்த் திரும்பியவை. மலாயில் 'காப்பால்' என்பது நம் கப்பல். 'கெடாய்' நம் கடை. 'பெத்தி' நம் பெட்டி. ஆங்கில அகராதியிலுள்ள 'முல்லிகடாவ்னி' என்னும் அருஞ்சொல் நம் வீட்டு மிளகுத்தண்ணீர். 'கட்டமரான்' கட்டுமரம், 'செரூட்' சுருட்டு. 2021இல் சைலா அவாந்த்கார்ட் என்னும் கறுப்பினச் சிறுமி 'முரையா' என்னும் சொல்லைக் கூட்டி அமெரிக்கப் பந்தயத்தை வென்றார். அது ஒரு மரப் பேரினத்தின் தாவரநூற் பெயர். நம் கறிவேப்பிலைக்கும் அப்பெயரையே அறிவியலார் நெடுங்காலம் வழங்கினர். உலகெங்கும் ஒலிபரப்பாகும் மேடையில் இறுதிச் சொல்லாக நின்ற பெயர், பாகான் டாலாமில் எத்தனையோ வீட்டுக் கொல்லையில் நிற்கிறது.

இவ்வாறு ஆங்கிலம் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட சொற்களுள் ஒன்றைப் பற்றிப் பேசாமல் இருக்கமுடியாது. பறையர் என்னும் மக்கட் பெயர் 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலம் புகுந்து, 'பரையா' என்றாகி, விலக்கத்தக்கவன் என்னும் பொருளுடன் அகராதியில் அமர்ந்துவிட்டது. அரசியல் எழுதுவோர் வெறுக்கத்தக்க நாடுகளையும் அச்சொல்லால் குறிக்கின்றனர். மலாயிலும் அது வசையாயிற்று. அப்துல்லா ஹுசைன் எழுதிய 'இன்டர்லோக்' நாவல் 2011இல் ஐந்தாம் படிவத்துப் பாடமாக வந்தபோது, அச்சொல்லைக் காட்டியே தமிழர் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டிறுதியில் நூல் மீட்டுக்கொள்ளப்பட்டது. கொதித்தவருள் எத்தனை பேர் தம் வீட்டுத் திருமணப் பேச்சில் அதே பெயரை அதே பொருளில் வழங்காதவர் என்று கேட்பது இவ்விதழின் கடமை. சொல் ஆங்கிலேயன் கண்டுபிடித்ததன்று. இழிவையும் சேர்த்து நாம் கொடுத்ததே. நாளை ஓர் ஆங்கிலப் பந்தயத்தில் நம் சிறுவன் ஒருவனுக்கு அச்சொல் வருமாயின் அவன் என்ன செய்வான்? பொருள் கேட்பான், சொல்வார்கள். எம்மொழி என்று கேட்பான், தமிழ் என்பார்கள். அவன் எழுத்தெழுத்தாகக் கூட்டி முடிப்பான். பிழையில்லை, மணி ஒலிக்காது. அரங்கம் கைதட்டும்.

பந்தயம் நடத்தவிரும்பும் அன்பர்கள் இவ்விடத்தில் சற்று நின்று பார்த்துவிட்டு, நடத்தட்டும். எழுதிய சொல்லுக்குப் பாதி மதிப்பெண்ணும், அதன் பொருளையும் வந்த வழியையும் சொன்னதற்குப் பாதியும் கொடுக்கட்டும். தோற்ற பிள்ளையை மேடையைவிட்டு இறக்காமல், அச்சொல்லை அடுத்த பிள்ளை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க இடம் வைக்கட்டும். 'பீ' என்பதன் பழம்பொருளும் அதுவே. சொற்களைத் திரட்டும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். துறைமுகத்தில் வேலை பார்த்தவர், ரயில் பாதையில் உழைத்தவர், தோட்டம் துண்டாடப்பட்டு நகரம் வந்தவர் எனப் பாகான் டாலாமில் கேட்பதற்கு ஆட்கள் இருக்கின்றனர், பலர் முதியவர். கிராணிக்கு றகரமா ரகரமா என்று அவர்கள் சொல்லமாட்டார்கள். கிராணி யார், அவன் கணக்கில் எத்தனை நாள் கூலி மறைந்தது என்று சொல்வார்கள்.